விளம்பர ஏலத்தில் முதலிடமும் வரவு செலவும்

நல்ல பொருளை உண்டாக்கினால் மட்டும் போதாது. அப்பொருள் இன்ன இடத்தில் கிடைக்கும் என்ற செய்தி வாங்குவோர் காதுக்கு எட்டவும் வேண்டும். முன்பெல்லாம் இச்செய்தியைச் சந்தையும் திருவிழாவும் உறவினர் வாய்மொழியும் சுமந்து சென்றன. இன்றோ மதுரை நகரில் ஒரு வீட்டில் திருமணம் நிச்சயமானால், மாலைக்கும் பூவுக்கும் பந்தலுக்கும் வீட்டார் முதலில் கைபேசியை எடுத்துத் தேடிப் பார்க்கின்றனர். தேடியவுடன் திரையின் உச்சியில் தோன்றுபவற்றுள் சில, தாமாக வந்தவை அல்ல. விற்போர் பணம் செலவிட்டு வைத்த விளம்பரங்கள். அவை விளம்பரங்களே என்பதை உணர்த்தும் சிறு குறிப்பு ஒன்று அவற்றின் மேல் காணப்படும்.

மதுரையைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களின் பொருள்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005ஆம் ஆண்டிலும், மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டிலும், சோழவந்தான் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. இப்பொருள்களை இடைத்தரகர் இன்றி விற்க விரும்பும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தேடுபொறி விளம்பரத்தில் இறங்குவது இயல்பே. "உங்கள் விளம்பரத்தை முதலிடத்தில் காட்டித் தருகிறோம்" என்று கூறி வரும் முகவர்களும் உண்டு. குழுவின் கையில் உள்ளதோ சிறு முதல். அதிலும் ஒரு பகுதி வட்டிக்கு வாங்கியது. அப்பணத்தை முதலிடத்திற்காகச் செலவிடலாமா என்பதே கேள்வி. இடம் எவ்வாறு கிடைக்கிறது, அதற்கு விலை எவ்வாறு நிர்ணயமாகிறது என்பதை அறிந்தால், இக்கேள்விக்கு விடை காண்பது கடினமன்று. அதனை ஈண்டு விளக்குவோம்.

ஊர் ஏலமும் தேடுபொறி ஏலமும்

ஏலம் என்பது பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குப் புதிதன்று. கண்மாய் மீன்பாசிக் குத்தகை, புளியமர மகசூல், வாரச்சந்தை வசூல் ஆகிய யாவும் ஏலத்தில் விடப்படுகின்றன. எவர் உயர்ந்த தொகை கேட்கிறாரோ அவருக்கே குத்தகை. கேட்ட தொகையை அவர் கட்டியாக வேண்டும். கண்மாயில் மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தொகை தொகைதான்.

தேடுபொறியிலும் ஏலமே நடைபெறுகிறது. ஆயினும் மூன்று வேற்றுமைகள் உண்டு. முதலாவது, இந்த ஏலம் ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதன்று. ஒருவர் ஒரு சொல்லைத் தேடும் ஒவ்வொரு வேளையும், கண் இமைக்கும் நேரத்திற்குள், ஏலம் புதிதாக நடந்து முடிகிறது. ஆகையால் காலையில் முதலிடத்தில் இருந்த விளம்பரம் மாலையில் மூன்றாம் இடத்தில் இருக்கலாம். சில வேளை தோன்றாமலும் போகலாம். இரண்டாவது, விளம்பரம் கண்ணில் பட்டதற்காகப் பணம் இல்லை. ஒருவர் அதைத் தொட்டு உள்ளே சென்றால்தான் பணம். இந்தத் தொடுதலைக் 'கிளிக்' என்பார்கள். விற்பவர் தாம் கேட்கும் தொகையாகக் குறிப்பிடுவது, ஒரு கிளிக்கிற்கு அதிகப்படியாக எவ்வளவு தரத் தயார் என்பதே. மூன்றாவது, உயர்ந்த தொகை கேட்டவருக்கே முதலிடம் என்பதும் இல்லை. கேட்ட தொகை முழுவதையும் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. இம்மூன்றாவது வேற்றுமைதான் மிகவும் முக்கியமானது.

இம்முறை ஏற்பட்ட வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய கோடு.காம் என்னும் தேடுபொறியில், கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அங்கு அதிகம் கேட்டவருக்கு முதலிடம். கேட்ட தொகையை அப்படியே கட்டவேண்டும். இதனால் ஒரு தொல்லை விளைந்தது. போட்டியாளர் இருவர் ஒருவரை ஒருவர் சிறிது சிறிதாக விஞ்சிக்கொண்டே போவர். ஓரளவு ஏறியதும் ஒருவர் சலித்துத் தம் தொகையை வெகுவாகக் குறைப்பார். உடனே மற்றவரும் அவருக்குச் சற்று மேலே நிற்கும் அளவுக்கு இறங்குவார். மறுபடியும் ஏற்றம் தொடங்கும். கேள்வித்தொகை வாள்பற்களைப் போல ஏறுவதும் விழுவதுமாக இருந்தது.

2002ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் கிளிக்குக்கு ஏலம் கேட்கும் முறையை மேற்கொண்டபோது, இதற்கு ஒரு மாற்றுச் செய்தது. தாம் கேட்ட தொகையை அன்று, தமக்கு அடுத்த இடத்தில் உள்ளவரை விஞ்சுவதற்குத் தேவையான தொகையை மட்டும் கட்டினால் போதும் என்பதே அம்மாற்று. இவ்வகை ஏலத்தின் அடிப்படைத் தத்துவத்தை வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர் 1961ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியிருந்தார். அவருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் விக்ரி ஆராய்ந்த ஏலமும் தேடுபொறி ஏலமும் முற்றும் ஒன்றல்ல. விக்ரியின் ஏலத்தில் பொருளின் உண்மையான மதிப்பை அப்படியே கேட்பதே நன்மை தரும். தேடுபொறி ஏலத்தில் அவ்வாறு இல்லை என்பதை எடல்மன், ஆஸ்த்ரோவ்ஸ்கி, ஸ்வார்ஸ் ஆகிய மூவர் 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டினர். கீழ் இடம் ஒன்றில் மலிவாக நின்று அதிக மிச்சம் காண்பதற்கு இங்கே வழி உண்டு. அந்த வழியைத்தான் நம் குழுக்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

தரத்திற்கும் மதிப்பு உண்டு

தேடுபொறி நிறுவனத்திற்கு வருமானம் வருவது கிளிக்கினால். எவரும் தொடாத விளம்பரத்தை உச்சியில் வைப்பதால் அதற்குப் பயனில்லை, தேடுவோரும் சலிப்படைவர். ஆகவே கேட்ட தொகையோடு விளம்பரத்தின் தரமும் சேர்த்து எடைபோடப்படுகிறது. தேடியவர் இதைத் தொடக்கூடுமா, தேடிய சொல்லுக்கும் விளம்பர வாசகத்திற்கும் பொருத்தம் உண்டா, தொட்டு உள்ளே சென்றால் அவர் தேடியது அங்கே இருக்கிறதா என்ற மூன்றும் தரத்தின் முக்கிய உறுப்புகள். தேடியவர் எங்கிருந்து, எந்தக் கருவியில், எந்த நேரத்தில் தேடுகிறார் என்பதும் கணக்கில் வரும்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. உண்மையான கணிப்பு இதைவிட நுட்பமானது. 'மதுரை கல்யாண மாலை' என்ற தேடலுக்கு மூவர் விளம்பரம் செய்கின்றனர் எனக் கொள்வோம். அ என்பவர் கிளிக்கிற்கு 20 ரூபாய் கேட்கிறார். அவர் தரம் 5. ஆ என்பவர் 12 ரூபாய் கேட்கிறார், தரம் 10. இ என்பவர் 15 ரூபாய் கேட்கிறார், தரம் 4. தொகையையும் தரத்தையும் பெருக்கினால் அ என்பவருக்கு 100, ஆ என்பவருக்கு 120, இ என்பவருக்கு 60 கிடைக்கின்றன. மூவரிலும் குறைவாகக் கேட்ட ஆ என்பவருக்கே முதலிடம்!

இனி, கட்டும் தொகையைப் பார்ப்போம். ஆ என்பவர் அடுத்தவரின் 100ஐ விஞ்ச வேண்டும். தம் தரமாகிய 10 கொண்டு வகுத்தால் 10 ரூபாய். ஆகவே அவர் கட்டுவது 10 ரூபாய்க்குச் சற்று மேல். அ என்பவர் இ என்பவரின் 60ஐ விஞ்ச வேண்டும். தம் தரமாகிய 5 கொண்டு வகுத்தால் 12 ரூபாய். முதலிடத்தில் இருப்பவர் 10 ரூபாயும், இரண்டாம் இடத்தில் இருப்பவர் 12 ரூபாயும் கட்டுகின்றனர். தரம் உயர்ந்தால் இடமும் உயரும், விலையும் தாழும் என்பது இதனால் விளங்கும். போட்டியாளர் எவரும் இல்லாத வேளையிலும் ஒரு குறைந்தபட்சத் தகுதியை எட்டாத விளம்பரம் தோன்றாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விளம்பரம் செய்பவர் பார்வைக்கு 1 முதல் 10 வரை ஒரு தரமதிப்பெண் காட்டப்படுவதுண்டு. அது நோயாளியின் காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியைப் போன்றது; எங்கே குறை என்று தெரிந்துகொள்ள உதவும். ஏலத்தில் தரம் அந்தந்த வேளையில் தனியே மதிப்பிடப்படுகிறது. ஆகவே மதிப்பெண்ணைத் துரத்துவதைவிடக் குறையைக் களைவதே அறிவுடைமை. மாலை தேடி வந்தவருக்கு மாலைகளின் படமும், விலையும், பேச வேண்டிய கைபேசி எண்ணும், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்ற விவரமும் உடனே கண்ணில் பட வேண்டும். குழுவின் ஆண்டுவிழாப் படங்கள் முதலில் வந்து நின்றால், வந்தவர் திரும்பிப் போய்விடுவார். கிளிக்கிற்கான பணம் திரும்பி வராது.

முதலிடம் என்பது எது?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதியும், அதற்கு வெளியே ஆவணி மூல வீதியும், மாசி வீதியும், வெளி வீதியும் அமைந்திருப்பதை நாம் அறிவோம். கோயிலை நெருங்கும் அளவுக்குக் கடைக்கு ஆள்வரவும் மிகும்; வாடகையும் மிகும். தேடுபொறித் திரையும் அத்தகையதே. உச்சியில் இருப்பதைப் பலர் தொடுகின்றனர். கீழே செல்லச் செல்லத் தொடுவோர் குறைகின்றனர். கைபேசித் திரை சிறியதாகையால், விரலால் தள்ளிப் பார்க்காமல் தெரிவது ஓரிரு விளம்பரங்களே. ஆகையால் அங்கே மேலிடத்திற்கு மதிப்பு இன்னும் அதிகம்.

ஆயினும் 'முதலிடம்' என்ற சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. முன்னாளில் கணினித் திரையின் வலப்பக்கத்திலும் விளம்பரங்கள் வரிசையாக நின்றன. 2016 பிப்ரவரியில் கூகுள் அவற்றை நீக்கி, தேடல் முடிவுகளுக்கு மேலேயும் கீழேயும் மட்டும் விளம்பரங்களை வைத்தது. மேலே விளம்பரம் ஒன்றும் இல்லாத வேளையில், பக்கத்தின் அடியில் முதலாவதாக நிற்பதும் விளம்பரங்களுள் முதலாவதே! இதனால் 'சராசரி இடம்' என்று காட்டப்பட்டு வந்த கணக்கு 2019 செப்டம்பரில் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, எத்தனை விழுக்காடு வேளைகளில் விளம்பரம் முடிவுகளுக்கு மேலே தோன்றிற்று, எத்தனை விழுக்காடு வேளைகளில் உச்சியிலேயே நின்றது என்ற விவரங்கள் இப்போது தரப்படுகின்றன. முகவர் ஒருவர் முதலிடம் என்று சொன்னால், இவ்விரு விவரங்களையும் காட்டும்படி கேட்க வேண்டும்.

மேலிடத்தில் தொடுபவர் கீழிடத்தில் தொடுபவரைவிட அதிகமாகப் பொருள் வாங்குகிறாரா? கூகுள் நிறுவனத்தின் தலைமைப் பொருளியல் அறிஞராக இருந்த ஹால் வேரியன் 2009ஆம் ஆண்டில் இது பற்றிய ஆய்வு முடிவை வெளியிட்டார். ஒரே பக்கத்தில் இடத்திற்கு இடம் வாங்கும் விகிதம் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேறுபடுகிறது என்பது அம்முடிவு. விளம்பர இடத்தை விற்கும் நிறுவனமே இதைச் சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. மேலிடம் தருவது அதிக ஆள்வரவு. வருபவர் ஒவ்வொருவரும் வாங்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஒரு கிளிக்கின் மதிப்பு நமக்கு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்; அதன் விலை மட்டுமே இடத்திற்கு இடம் மாறுகிறது.

மிச்சக் கணக்கு

திருமண மாலை கட்டித் தரும் மகளிர் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் உத்தரவுக்குப் பூ, நார், கூலி, வண்டிச் செலவு போக 1,500 ரூபாய் மிஞ்சுகிறது. 50 கிளிக்கிற்கு ஓர் உத்தரவு வருகிறது. ஆகவே ஒரு கிளிக்கின் மதிப்பு 30 ரூபாய். ஒரு மாதத்தில் மூன்று இடங்களிலும் கணக்கு இவ்வாறு அமைகிறது எனக் கொள்வோம்.

மூன்றாம் இடம்: கிளிக் 100; ஒன்றுக்கு 14 ரூபாய்; செலவு 1,400. உத்தரவு 2, வரவு 3,000. மிச்சம் 1,600 ரூபாய்.

இரண்டாம் இடம்: கிளிக் 150, ஒன்றுக்கு 20 ரூபாய், செலவு 3,000. உத்தரவு 3, வரவு 4,500. மிச்சம் 1,500 ரூபாய்.

முதலிடம்: கிளிக் 200, ஒன்றுக்கு 32 ரூபாய், செலவு 6,400. உத்தரவு 4; வரவு 6,000. நஷ்டம் 400 ரூபாய்.

முதலிடத்தில் உத்தரவு மிகுதி. ஆயினும் கைப்பொருள் கரைகிறது. இது எளிதில் தெரிந்துவிடும். இரண்டாம் இடத்தில் உள்ள குறையோ எளிதில் தெரியாது. கிளிக்கின் மதிப்பு 30, விலை 20. ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் மிச்சம் என்றே தோன்றும். ஆனால் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்திற்கு ஏறியதால் கூடுதலாகக் கிடைத்தவை 50 கிளிக்குகள் மட்டுமே. அதற்காகக் கூடுதலாகச் செலவானது 1,600 ரூபாய். அதாவது கூடுதல் கிளிக் ஒவ்வொன்றும் 32 ரூபாய். முன்பு 14 ரூபாய்க்குக் கிடைத்துவந்த 100 கிளிக்குகளுக்கும் இப்போது 20 ரூபாய் கொடுப்பதால் நேர்ந்த விளைவு இது. முதலிடத்திற்கு ஏறும்போது கூடுதல் கிளிக் ஒன்றின் விலை 68 ரூபாயாகிவிடுகிறது.

வயலுக்கு உரமிடுவதில் இக்கணக்கை உழவர்கள் நன்கு அறிவர். முதல் மூட்டை உரம் தரும் கூடுதல் மகசூலை நான்காம் மூட்டை தருவதில்லை. மொத்த மகசூலை மொத்த உரத்தால் வகுத்துப் பார்ப்பவர் ஏமாறுவார். கடைசி மூட்டை தன் விலைக்கு ஈடான நெல்லைத் தந்ததா என்று பார்ப்பவரே தேறுவார். விளம்பரத்திலும் கடைசியாக உயர்த்திய தொகை தன் விலையை ஈட்டியதா என்பதையே பார்க்க வேண்டும். கண்மாய் ஏலத்தில் வீம்புக்குத் தொகையை ஏற்றிக் கேட்டவர், மீன் பிடித்து முடிந்த பின் கணக்குப் பார்த்து வருந்துவதை ஊரார் கண்டிருப்பர். அதே வீம்பு இங்கே கண்ணுக்குத் தெரியாமல், கிளிக் கிளிக்காகப் பணத்தை உறிஞ்சும்.

இதனால் முதலிடமே கூடாது என்று கொள்ளலாகாது. போட்டி குறைந்த சொல்லுக்கு முதலிடமே மலிவாகக் கிடைக்கும். தரம் உயர்ந்த விளம்பரத்திற்கும் அப்படியே. இடத்தைக் குறிக்கோளாகக் கொள்ளாமல் மிச்சத்தைக் குறிக்கோளாகக் கொண்டால், தகுந்த இடம் தானே அமையும்.

எந்தச் சொல்லுக்குக் கேட்பது?

2018ஆம் ஆண்டு முதல் கூகுள் விளம்பரத்தில் தமிழும் இடம் பெற்றுள்ளது. தமிழில் தேடுவோருக்குத் தமிழிலேயே விளம்பரம் செய்யலாம். ஆனால் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 'மல்லி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பூ வேண்டுவோரும் இச்சொல்லைத் தேடுவர். கொத்தமல்லி வேண்டுவோரும் இதையே தேடுவர். 'மதுரை மல்லி இன்றைய விலை' என்று தேடுபவர் பெரும்பாலும் மாட்டுத்தாவணி மலர்ச்சந்தையின் நிலவரம் அறிய விரும்பும் விவசாயி அல்லது வியாபாரி. 'மல்லி நாற்று' என்று தேடுபவர் பதியன் வாங்க வந்தவர். இவர்கள் எல்லோரும் மாலை விளம்பரத்தைத் தொட்டால், குழுவுக்குச் செலவுதான் மிஞ்சும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 'கல்யாண மாலை', 'முகூர்த்த மாலை', 'மணப்பெண் பூ அலங்காரம்' என்பன போல வாங்கும் நோக்கம் விளங்கும் சொற்றொடர்களையே தேர்ந்துகொள்வது ஒன்று. 'விலை நிலவரம்', 'நாற்று', 'கொத்தமல்லி' ஆகியவற்றை விலக்குச் சொற்களாகப் பதிவு செய்வது மற்றொன்று. விலக்குச் சொல் உள்ள தேடலுக்கு விளம்பரம் தோன்றாது. எந்தெந்தத் தேடலில் விளம்பரம் தொடப்பட்டது என்ற பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்து, புதிய விலக்குச் சொற்களைச் சேர்த்து வரவேண்டும். பயிருக்குக் களையெடுப்பைப் போன்றது இது.

இட எல்லையும் அவ்வாறே. மதுரை என்று குறித்தால், மதுரையில் இருப்பவர்களுக்கு மட்டுமன்றி மதுரையைப் பற்றித் தேடும் வெளியூராருக்கும் காட்டுவதே இயல்பாக உள்ள ஏற்பாடு. வெளியூருக்கு மாலை அனுப்ப இயலாத குழு, எல்லைக்குள் இருப்போருக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

தம் குழுவின் பெயரையே தேடுவோருக்காகப் பணம் கட்டலாமா என்பதும் ஆராயத்தக்கது. ஈபே என்னும் பெரிய வணிக நிறுவனம் 2012ஆம் ஆண்டில் தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திச் சோதனை செய்தது. விளம்பரம் இல்லாதபோதும், வரவேண்டியவர்களில் ஏறத்தாழ அனைவரும் சாதாரணத் தேடல் முடிவின் வழியாக வந்துசேர்ந்தனர். பெயர் தெரிந்து வருபவர் எப்படியும் வருவார் என்பது இதன் பாடம். ஆனால் போட்டியாளர் ஒருவர் நம் பெயருக்கு ஏலம் கேட்டு மேலே நின்றால் நிலைமை வேறு. அப்போது சிறு தொகை செலவிடுவதில் நியாயம் உண்டு.

பெயரும் உரிமையும்

பிறர் பெயருக்கு ஏலம் கேட்பது பற்றி நம் மாநிலத்திலேயே வழக்கு நடந்ததுண்டு. பாரத் மேட்ரிமோனி திருமணச் சேவையை நடத்தும் நிறுவனத்தார், தம் பெயர்ச் சொற்களைப் போட்டியாளர்கள் தேடற்சொற்களாகக் கொள்வதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். 2010 செப்டம்பரில் தனி நீதிபதியின் தீர்ப்பு வந்தது. பொருளை விவரிக்கும் பொதுச்சொற்களுக்குத் தனியுரிமை கொண்டாடுவது எளிதன்று என்பது அவ்வழக்கினால் விளங்கிற்று. 2023 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்ற அமர்வு ஒன்று, வணிகக் குறியைத் தேடற்சொல்லாகக் கொண்டு விளம்பரம் செய்யும் ஏற்பாட்டில் கூகுளும் பங்குடையதே என்று கூறியது. மக்களைக் குழப்பாத வரையில் தேடற்சொல்லாகக் கொள்வது மட்டுமே குற்றமாகாது என்றும் அது கருதியது.

'மதுரை மல்லி' என்ற சொல்லுக்கு ஏலம் கேட்பதை எவரும் எளிதில் தடுக்க இயலாது. ஆனால் வேற்றூர்ப் பூவை மதுரை மல்லி என்று கூறி விற்பது வேறு. அது 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்திற்கு மாறானது. உண்மையான பொருளை உடையவர்கள், புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதை விளம்பர வாசகத்திலேயே எடுத்துரைக்கலாம். பொருத்தமும் நம்பிக்கையும் கூடுவதால் தொடுவோர் தொகையும் மிகும், தரமும் உயரும்.

பணம் செலவிடுமுன்

கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரையும் இடத்தையும் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. இதனை முதலில் செய்ய வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு விலைக்கு இடம் தேடுவது சிக்கனமாகாது.

நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று செலவு வரம்பு வைக்கலாம். வரம்பு 200 ரூபாய் என்றால், தேடுவோர் மிகுந்த நாளில் 400 ரூபாய் வரை செலவாகக்கூடும். மாதத்தில் 200ஐ 30.4ஆல் பெருக்கிய 6,080 ரூபாயைத் தாண்டாது. இதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. முகவர் கூலி இருந்தால் அதையும் கிளிக்கின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கேள்வித்தொகையைத் தேடுபொறியே நிர்ணயிக்கும் தானியங்கி முறைகளும் உள்ளன. உச்சியில் நிற்பதையே நோக்கமாகக் கொண்ட முறையும் அவற்றுள் ஒன்று. அதைக் கையாளுவோர் கிளிக்கிற்கு உச்சவரம்பு வைக்காவிட்டால், கடிவாளம் இல்லாத குதிரையில் ஏறியதற்கு ஒப்பாகும். உத்தரவுகளை நோக்கமாகக் கொண்ட முறை நல்லதே. ஆனால் எந்தக் கிளிக் உத்தரவாயிற்று என்ற விவரம் அதற்குப் போதிய அளவு கிடைத்தால்தான் அது நன்கு இயங்கும்.

எந்த இடமும் நிரந்தரம் அன்று என்பதை மேலே கண்டோம். ஆகவே "முதலிடம் உறுதி" என்று எழுதிக் கொடுப்பவரை நம்பிப் பணம் கொடுக்கலாகாது. விளம்பரக் கணக்கு குழுவின் பெயரிலேயே இருக்க வேண்டும். முகவருக்கு அதைக் கையாளும் அனுமதி மட்டும் போதும். முகவர் மாறினாலும் பழைய விவரங்கள் குழுவிடமே தங்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நாள், கேள்வித்தொகை, கிளிக், செலவு, விசாரித்தவர், உத்தரவு, மிச்சம் என்று ஏழு பத்திகள் இட்டு எழுதி வர வேண்டும். கைபேசியில் பேசும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கேள்வித்தொகையை ஒருமுறை மாற்றினால் சில வாரங்களாவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும். நான்கைந்து உத்தரவுகளைக் கொண்டு முடிவு கட்டுவது தவறாகும். மாதங்களை ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் நடைபெறுவது அரிது. ஆடியில் மூன்றாம் இடத்தையும் ஆவணியில் முதலிடத்தையும் சோதித்துவிட்டு, முதலிடமே உத்தரவைத் தந்தது என்று சொன்னால், முகூர்த்தம் தந்ததை விளம்பரத்தின் பெயரில் எழுதியதாகும். குளிர்காலத்தில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறும்போது ஓர் உத்தரவின் மிச்சமும் குறையும். அப்போது கிளிக்கின் மதிப்பும் குறைவதால் கேள்வித்தொகையையும் குறைக்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடிய உதவி பெரிது. தம் ஊர்க் குழு எதுவேனும் விளம்பரத்திற்குப் பணம் செலவிடுமானால், மாதந்தோறும் குழுக் கூட்டத்தில் அந்த நோட்டுப் புத்தகத்தை உரக்கப் படிக்கச் செய்யலாம். எத்தனை பேர் பார்த்தனர், எத்தனையாம் இடம் கிடைத்தது என்பவற்றைக் கேட்பதோடு நில்லாமல், கடைசியாக உயர்த்திய தொகை எவ்வளவு, அதனால் கூடுதலாக வந்த உத்தரவு எத்தனை, கைக்கு வந்த மிச்சம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை சொல்லத் தெரிந்த குழு, எந்த இடத்தில் நின்றாலும் தன் முதலைக் காத்துக்கொள்ளும்.